ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்

ஆரணியிலிருந்து போளூர் போகிற சாலையில் வடமாதிமங்கலம் பக்கம் திரும்பினால் திருமலை வரும். சமணர் மலை. மேலே பாறையில் நேமிநாதர் நிற்கிறார். அடிவாரத்தில் ராஜராஜனின் அக்கா குந்தவை பேரில் ஒரு ஜினாலயம். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொன்னவர்கள் வாழ்ந்த இடம். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் போன் செய்து, “சார், மீன் வளக்கறேன். கட்டுப்படியாவல. இன்னா பண்றது?” என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எனக்கு அப்படித்தான் ஒரு போன் வந்தது.

பேசியவர் மீனவர் இல்லை. முப்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி போனபோது பழக்கமானவர். தறியை வித்துவிட்டாராம். வந்த பணத்தோடு சம்சாரத்தின் நகையையும் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் ரெண்டு தார்ப்பாய்த் தொட்டி போட்டிருக்கிறார். ‘வீட்டுக் கொல்லையில் மீன் வளர்ப்பு, மாதம் இவ்வளவு வருமானம்’ என்று செல்போனில் ஓடுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் இறங்கினாராம்.

“மீனு நல்லாத்தான் வளருது சார். செலவுதான் முழுங்குது. செலவைக் குறைக்க எதுனா வழி இருந்தா எழுதுங்க சார். எங்க ஊர்லயே நாலு பேர் போட்டிருக்காங்க.”

எழுதுகிறேன். ஆனால், அவர் எதிர்பார்க்கிற மாதிரி இருக்குமா என்று தெரியாது.

*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு தொட்டியில் ஆயிரம் திலேப்பியாக் குஞ்சு விடுகிறீர்கள். குஞ்சு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 5 ஆயிரம். ஆறு மாதத்தில் 800 பிழைத்து, ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆகிறது. ஆக 400 கிலோ மீன். ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம். 600 கிலோ தீவனம், கிலோ 55 ரூபாய் என்றால் 33 ஆயிரம். அடுத்து காற்று. தொட்டிக்குள் அடைத்து வளர்க்கிற மீனுக்கு ராத்திரி பகல் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அரை எச்.பி. மோட்டார் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 9 யூனிட். ஆறு மாதத்துக்கு 1,620 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் கிட்டத்தட்ட 13 ஆயிரம்.

கூட்டிப் பாருங்கள். 51 ஆயிரம்.

400 கிலோ மீனை கிலோ 110 ரூபாய்க்கு வியாபாரி எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 44 ஆயிரம். ஏழாயிரம் நஷ்டம்! இதில் தொட்டிக்குப் போட்ட காசு இல்லை. அதன் வட்டி இல்லை. ராத்திரி கரன்ட் போனால் பதறி எழுந்து ஜெனரேட்டரை இழுக்கிற மனுஷனின் தூக்கத்துக்கு விலை இல்லை. அவரும் அவர் சம்சாரமும் உழைத்ததற்குக் கூலி இல்லை.

விலையைக் கொஞ்சம் ஏற்றி, தீவனத்தைக் கொஞ்சம் இறக்கி, உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். லாபம்கூட வரலாம். ஆனால், வீடியோவில் சொன்ன லாபம் வராது. காரணம் எளிமையானது. குளத்தில் சூரியனும் மண்ணும் தண்ணீரும் இனாமாகச் செய்கிற வேலையை, தொட்டியில் நீங்கள் காசு கொடுத்துச் செய்கிறீர்கள். மீன் வளர்ப்பில் மொத்த நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். தொட்டிக்கு வந்தால் அதன் தலையில் கரன்ட் பில்லும் ஏறிக்கொள்கிறது.

அதனால் தரையில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும், ஆரணிக்காரர் முதல் கொரியாக்காரர் வரைக்கும், ஒரே ஜபம்தான். செலவைக் குறை, செலவைக் குறை, செலவைக் குறை!

குறைக்கட்டும். யாருடைய செலவை என்பதுதான் என் கேள்வி.

*

நாக்கு மீன் பார்த்திருக்கிறீர்களா? தட்டையாக, செருப்பு அட்டை மாதிரி இருக்கும். மாந்தல் என்றும் சொல்வார்கள். குஞ்சாக இருக்கும்போது இந்தத் தட்டை மீன் ஜாதியும் மற்ற மீன் மாதிரியேதான் நிமிர்ந்து நீந்தும். வலது பக்கம் ஒரு கண், இடது பக்கம் ஒரு கண். சில வாரங்களில் ஒரு கண் மெல்ல நகர்ந்து மண்டையைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு மீன் சாய்ந்து படுத்துவிடும், வாழ்நாள் முழுக்க. ரெண்டு கண்ணும் மேலே. கீழ்ப்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். அங்கே கண் கிடையாது.

இந்த மீனைத் தரையில் தொட்டி கட்டி வளர்ப்பதில் உலகத்தில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் கலீசியா கடற்கரையில் டர்பட் என்ற தட்டை மீன். தென் கொரியாவின் ஜெஜு தீவில் ஃப்ளவுண்டர். கொரியாவில் மட்டும் ஆண்டுக்கு 40 ஆயிரம் டன் அளவுக்கு வளர்க்கிறார்கள், பெரும்பங்கு ஜெஜுவில்தான். கடற்கரை ஓரம் வரிசையாகக் கொட்டகைகள். அந்தத் தீவின் நிலத்தடியிலிருந்து வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் உப்புத் தண்ணீர் கிடைக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக்குகிற செலவு மிச்சம். நல்ல யோசனைதான், பாராட்டலாம்.

ஆனால், தீவனம்? உலர் தீவனம் கொடுங்கள் என்று அரசாங்கம் எத்தனையோ வருஷமாகத் தலையால் தண்ணீர் குடிக்கிறது. பண்ணைக்காரர்களில் பெரும்பாலோர் பச்சை மீனை அரைத்து உருட்டிக் கொடுப்பதை விடவில்லை. சின்ன மீன், குஞ்சு மீன், வேறு எதற்கும் ஆகாது என்று பேர் வைக்கப்பட்ட மீன். ஒரு கிலோ தட்டை மீன் உருவாகப் பல கிலோ கடல் மீன் அரைபடுகிறது. பண்ணைக்காரரின் நோட்டில் செலவு குறைந்திருக்கிறது. கடலின் நோட்டில்? அந்தப் பக்கம்தான் கண் இல்லையே!

சீனாவில் இன்னொரு கதை நடந்தது. 1992-ல் ஐரோப்பாவிலிருந்து டர்பட்டைக் கொண்டுபோனார்கள். ஷான்டோங் கடற்கரையில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, கிணறு தோண்டி உப்புத் தண்ணீர் எடுத்து, பத்து வருஷத்தில் பெரிய தொழிலாக்கினார்கள். செலவைக் குறைக்க மீனை நெருக்கினார்கள். நெருக்கினால் நோய் வரும். நோய்க்கு மருந்து போட்டார்கள். 2006 நவம்பரில் ஷாங்காய் அதிகாரிகள் மீனைச் சோதித்தபோது, தடை செய்யப்பட்ட நைட்ரோஃப்யூரான் மருந்தின் மிச்சம் இருந்தது. புற்றுநோய் பயம். விற்பனைக்குத் தடை. சில நாட்களில் சந்தை படுத்தது. மருந்தைத் தொடாத பண்ணைக்காரரும் சேர்ந்து படுத்தார். மீனை நெருக்கி மிச்சம் பிடித்த காசை, முதலில் சாப்பிட்டவர் உடம்பு தாங்கியது. அடுத்து ஊரில் இருந்த நேர்மையான பண்ணைக்காரர் தாங்கினார்.

இதெல்லாம் எங்கேயோ கொரியா, சீனாவில் என்று நினைக்காதீர்கள்.

*

நம்ம ஆரணிக்காரருக்குத் தொட்டி விற்றவர் செலவு குறைக்க மூன்று யோசனை சொல்லியிருக்கிறார். இனாமாக!

ஒன்று, கம்பெனித் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கோழிக்கடைக் கழிவைப் போடுவது. காசே கொடுக்க வேண்டாம். கடைக்காரரே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்.

இரண்டு, கழிவைத் தின்று, நாற்றத் தண்ணீரிலும் சாகாமல் வளர்கிற ‘வேற ரகக் கெளுத்தி’க்கு மாறுவது. அவர் பேர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்திய அரசு தடை செய்து கால் நூற்றாண்டு ஆகிறது. காரணம் இருக்கிறது. மழை வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நம்மூர் மீன், குஞ்சு, தவளை என்று வாய்க்குள் போகிற எதையும் விட்டுவைக்காது. மீன்வளத் துறையும் அவ்வப்போது போய்க் குளங்களை அழிக்கிறது. அழித்துவிட்டு ஜீப் ஏறுகிறது. கெளுத்தி அடுத்த குளத்துக்கு ஏறுகிறது.

மூன்று, தொட்டியின் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு எதற்கு? ராத்திரியில் பின்னால் இருக்கிற ஓடையில் திறந்துவிடு.

மூன்று யோசனையையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்றிலாவது செலவு குறைந்திருக்கிறதா? கோழிக் கழிவின் செலவு, அந்த மீனைத் தின்கிறவர் வயிற்றுக்குப் போகிறது. கெளுத்தியின் செலவு, ஏரியில் வலை வீசுகிறவர் தலையில் விழுகிறது. அழுக்குத் தண்ணீரின் செலவு, ஓடைக்குக் கீழே கிணறு வைத்திருக்கிறவர் குடத்தில் நிறைகிறது.

இதற்குப் பேர் செலவைக் குறைப்பது இல்லை சாமி. செலவைத் தள்ளிவிடுவது. குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டு, ‘என் வீடு சுத்தம்’ என்கிற கதை.

அந்த ‘கம்பெனித் தீவனம்’ மட்டும் யோக்கியமா? அதற்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போனால் ‘சங்காயம்’ என்று ஒரு வார்த்தை காதில் விழும். விசைப்படகின் மடியில் அள்ளிக்கொண்டு வருகிற சின்ன மீன், குஞ்சு, காரப்பொடி எல்லாம் கலந்த குவியலுக்கு அந்தப் பேர். அது கருவாட்டுக்கும் போகாது, குழம்புக்கும் போகாது. லாரி ஏறி அரவை ஆலைக்குப் போய், தூளாகி, கோழித் தீவனமும் மீன் தீவனமும் ஆகிறது. நாளைக்குப் பெரிய மீனாகி ஒரு நாட்டுப்படகுக்காரர் வலையில் விழ வேண்டிய குஞ்சு, இன்றைக்கு யாரோ ஒருத்தர் தொட்டியில் தீவனமாக விழுகிறது. ‘கடல்ல மீன் குறைஞ்சு போச்சு, அதனால பண்ணையில வளக்கறோம்’ என்று வியாக்கியானம் வேறு!

*

இந்தக் கணக்கை ஒருமுறை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே போட்டுப் பார்த்திருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் நடந்த கதை என்பதால் நமக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்க வேண்டும். மறந்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடற்கரையில் நெல் வயல்களை வாங்கி இறால் பண்ணை ஆக்கினார்கள். டாலர் வரும் என்றார்கள், வந்தது. கூடவே உப்பும் வந்தது. பக்கத்து வயலில் உப்பு. குடிநீர்க் கிணற்றில் உப்பு. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த நிலமில்லாத கூலிக்காரப் பெண்களுக்கு, நட வயலே இல்லை. கீழத்தஞ்சையில் ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1981-ல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கிய ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களோடு இறங்கிப் போராடினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1996 டிசம்பர் 11. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நாக்பூரின் நீரி ஆராய்ச்சி நிறுவனம் செய்த வரவு செலவுக் கணக்கு அந்த வழக்கில் முக்கியமான சாட்சி. இறால் விற்று வருகிற வருமானத்தைவிட, அந்தத் தொழில் சுற்றுப்புறத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்படுத்துகிற சேதம் அதிகம் என்பதுதான் அதன் சாரம். கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கிற தீவிர இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்னது கோர்ட். கெடுத்தவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

பிறகு என்ன ஆயிற்று? 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று வழி திறந்தது. ஒழுங்குபடுத்தினால் சரி, நான் இறாலுக்கு எதிரி இல்லை. ஆனால், அன்றைக்கு நீரி போட்ட கணக்கை இன்றைக்கு எந்தப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டிலாவது ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? குஞ்சு இவ்வளவு, தீவனம் இவ்வளவு, கரன்ட் இவ்வளவு, நிகர லாபம் இவ்வளவு. அடுத்த வீட்டுக் கிணறு இவ்வளவு என்று ஒரு கட்டம் கிடையாது.

நாக்கு மீன் மாதிரிதான் அந்த ரிப்போர்ட்டும். ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்.

*

இது எதுவும் நம் நெசவாளி நண்பருக்குப் புதுசில்லை. சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார். அவர் தறியை விற்றதே இந்தக் கணக்கினால்தான்.

பட்டுப் புடவையில் உற்பத்திச் செலவை எப்படிக் குறைத்தார்கள்? கோறாப் பட்டின் விலை முதலாளி கையில் இல்லை. சரிகை விலை அவர் கையில் இல்லை. கையில் இருந்தது ஒன்றுதான். கூலி. பாவு ஏறுகிறது, விலைவாசி ஏறுகிறது, கூலி மட்டும் ஏறவில்லை. அதுவும் போதாமல் விசைத்தறி வந்தது. சில ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யலாம் என்று 1985-லேயே சட்டம் இருக்கிறது. பட்டுப் புடவைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும், விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. புடவை மலிவாகக் கிடைத்தது என்று நீங்களும் நானும் சந்தோஷப்பட்டோம். அந்த மலிவின் மீதியை ஒருத்தர் தறியை விற்றுக் கட்டினார்.

அப்படிச் செலவு தள்ளிவிடப்பட்ட ஒரு மனுஷரிடம் போய், ‘இப்ப நீ அடுத்தவன் தலையில தள்ளு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஏழு தொட்டி கொண்ட சின்ன பயோஃப்ளாக் அலகுக்கு ஏழரை லட்சம் மதிப்பு போட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால், மானியம் எதற்கு? தொட்டி போட. அதாவது, தொட்டி விற்கிறவர் கையில் காசு முதல் நாளே விழுந்துவிடும். தீவனம் விற்கிறவருக்கு மாதாமாதம். நஷ்டம் வந்தால் அது மட்டும் தொட்டிக்காரருடையது. 2012-ல் ஈமு கோழி என்று சொல்லி பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பத்தை வாரிவிட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கோழி வளர்ந்தது. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. மீனுக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால், கணக்குப் போடாமல் குதிக்கிற பழக்கம் அதே பழக்கம்.

*

“அப்ப செலவைக் குறைக்கவே கூடாதுங்கறீங்களா?” என்று கேட்பீர்கள்.

தாராளமாகக் குறைக்கலாம். நிஜமாகவே குறைகிற செலவு என்று ஒன்று இருக்கிறது. அதை அறிவு குறைக்கும். 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, கெண்டை மீனுக்கு பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதுவரை கெண்டைக் குஞ்சு வேண்டுமானால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை போட்டு அரிக்க வேண்டும். எந்த மீனின் குஞ்சு மாட்டும் என்று நிச்சயம் இல்லை. ஊசி வந்த பிறகு குஞ்சு பண்ணையிலேயே கிடைத்தது. அதனால் யாருடைய கிணறும் கெடவில்லை. இன்றைக்கும் அந்தத் தேதியைத்தான் நாடு மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது.

ஆரணிக்காரர் கைக்கு எட்டுகிற இன்னொரு விஷயம் சொல்கிறேன். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு உள்ளே இருக்கிற கூட்டுப்புழு மிஞ்சும். ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கூடு வேண்டும். மிச்சம் பெரும்பாலும் புழுதான். காய வைத்தால் கால்வாசி தேறும். அந்தக் காய்ந்த புழுவில் பாதிக்கு மேல் புரதம்! ஜப்பானில் பட்டுத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கெண்டை மீனுக்கு அதைத்தான் போட்டார்கள். கொழுப்பு அதிகம், சீக்கிரம் நாறும், உடனே காய வைக்க வேண்டும், முழுத் தீவனமாகப் போடாமல் கலந்துதான் கொடுக்க வேண்டும். ஆனால், யாருடைய குழம்புச் சட்டியிலிருந்தும் பிடுங்காத தீவனம். பட்டு விற்ற காசிலேயே அதன் செலவு முடிந்துவிட்டது. ஆரணிக்கு நூல் அனுப்புகிற ஊர்களில் மிஞ்சுகிறதை, ஆரணி லாரிகளே திரும்பும்போது கொண்டுவரலாம். இதற்கு ஒரு சின்ன அரவை நிலையம் வைக்க மானியம் கொடுத்தால் நான் கை தட்டுவேன்.

ஆனால், எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. திருமலை அடிவாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

மலைக்குக் கீழே கோபுரத்துக்கு முன்னால் ஒரு பாறை. ராஜராஜனின் 21-ம் ஆட்சியாண்டு, அதாவது 1005-06 வாக்கில் வெட்டிய கல்வெட்டு. குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி, ஒரு ஆசிரியர் பெயரால் கலிங்கு கட்டிக்கொடுத்ததைச் சொல்கிறது. கலிங்கு என்றால் ஏரியில் மிஞ்சுகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்துபோகிற கட்டுமானம். மீனைத் தொடாத துறவி, ஊர்த் தண்ணீருக்குச் செலவு செய்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பொதுச் செலவு நடந்திருக்கிறது. யார் தலையிலும் தள்ளாத செலவு.

இன்றைக்கும் திருவண்ணாமலை மாவட்டம் ஏரிகளின் மாவட்டம்தான். மழை பெய்து ஏரி நிறைந்தால் மோட்டார் இல்லாமல் காற்று கிடைக்கும், வெயிலில் பாசி வளரும். மேல்தட்டில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று மூன்றும் ஒரே தண்ணீரில் ஒன்றோடொன்று சண்டை போடாமல் மேயும். தட்டை மீனும் கொடுவாயும் மீன் தின்கிற ஜாதி. இவை நீரில் விளைவதைத் தின்கிற ஜாதி. ஏக்கருக்குச் சில நூறு கிலோதான் வரும், தொட்டி வீடியோ மாதிரி டன் கணக்கில் வராது. ஆனால், அந்தச் சில நூறு கிலோவுக்குக் கரன்ட் பில் இல்லை. தீவன மூட்டையும் அநேகமாக இல்லை.

“ஏரியில வருஷம் பூரா தண்ணி எங்க நிக்குது?” நியாயமான கேள்வி. நிற்காது. அஞ்சாறு மாதம் நின்றால் போதும், விரல் நீளக் குஞ்சுக்குப் பதிலாக நன்றாக வளர்ந்த குஞ்சாக விட்டால் தண்ணீர் வற்றுவதற்குள் விற்கிற அளவுக்கு வந்துவிடும். அந்தப் பெரிய குஞ்சை வளர்த்துக் கொடுக்கத்தான் நம் நண்பரின் தார்ப்பாய்த் தொட்டி சரியான இடம்! ஒன்றிரண்டு மாதக் காற்று, கொஞ்சம் தீவனம், உடனே விற்பனை.

பிரச்னை தண்ணீரில் இல்லை, ஏலத்தில் இருக்கிறது. மீன் பாசிக் குத்தகை என்று ஏரியை ஏலம் விடுகிறார்கள். பணம் படைத்த ஒருத்தர் எடுக்கிறார். அவருக்கு அடுத்த வருஷம் ஏரி கிடைக்குமா என்று தெரியாது. அதனால் குஞ்சு விடுவதில் கஞ்சத்தனம், பிடிப்பதில் அவசரம். மீனை அள்ள மதகைத் திறந்துவிட்டார் என்று விவசாயிகள் மறியல் செய்கிற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! இங்கேயும் அதே கதை. குத்தகைக்காரரின் செலவு குறைந்தது, நெற்பயிரின் தலையில் விழுந்தது.

ஆகவே, மீன்வளத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் கோரிக்கை இதுதான். தார்ப்பாய்க்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு பங்கை ஏரிக்குத் திருப்புங்கள். குத்தகையைத் தனி ஆளுக்கு வருஷா வருஷம் ஏலம் விடாமல், ஊர்ச் சங்கத்துக்கும் மகளிர் குழுவுக்கும் சில வருஷம் சேர்த்துக் கொடுங்கள். மதகுச் சாவி பாசனம் செய்கிறவர் கையில் இருக்கட்டும். குஞ்சுக்கும் வலைக்கும் கடன் கொடுங்கள். தொட்டிக்கு மானியம் கேட்டு வருகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ரெண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: தீவனத்துக்குள் என்ன இருக்கிறது, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது. பதில் இல்லாவிட்டால் பணம் இல்லை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, ‘பிரஷ்ஷா?’ என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். ‘எங்க வளந்தது, என்ன தின்னுச்சு?’ என்றும் கேளுங்கள். அநியாயத்துக்கு மலிவாக இருந்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள். முதல் நாள் வியாபாரி முறைப்பார். பத்து பேர் கேட்டால் பதில் வைத்துக்கொள்வார்.

ஆரணிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கோழிக் கழிவுக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு தொட்டியைக் குஞ்சு வளர்க்க வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பிரித்து வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறாராம். நகையை மீட்க அது போதாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்டார்.

“எங்க ஊர் ஏரி ஏலம் எப்ப வருதுன்னு முன்கூட்டியே யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க சார். அதை யாரைக் கேக்கணும்?”

உங்கள் ஊர் ஏரியின் ஏலம் எப்போது? உங்களுக்காவது தெரியுமா?